கணினி உறைந்து நிற்கிறதா? ரேம் முதல் எர்த்திங் வரை பழுதைக் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

"சிஸ்டம் ஹேங் ஆகுதுங்க" என்று சொல்லி ஒருவர் கணினியைத் தூக்கி வரும்போது, அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினைந்து ஆண்டுகளாகப் பழுது பார்க்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது, அப்படியும் சரியாகவில்லை என்றால் புது ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) செருகுவது, அதற்கும் மசியவில்லை என்றால் மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் பொருந்தும் தாய்ப்பலகை) போய்விட்டது என்று கைவிரிப்பது என்ற வரிசையில் எத்தனையோ நல்ல பாகங்கள் குப்பைக்குப் போகின்றன. ஒரு பாகம் பழுது என்று தீர்ப்புச் சொல்ல ஓர் அளவுகோல் உண்டு: அதை இடம் மாற்றினால் பழுதும் அதன் பின்னாலேயே போக வேண்டும், அதை எடுத்துவிட்டால் பழுதும் நின்றுவிட வேண்டும். இவை இரண்டும் நிரூபணமாகும் வரை அது வெறும் சந்தேகம்தான்.

எப்படி நிற்கிறது என்று பாருங்கள்

கணினி உறைந்ததும் பவர் பட்டனை அழுத்தி அணைக்கக் கை பரபரக்கும். அதற்கு முன் அரை நிமிடம் பொறுத்து, கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறது, மௌஸ் அம்பும் நகர்கிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை, ஓரிரு நிமிடத்தில் தானாகவே மீண்டுவிடுகிறது என்றால், ஹார்டு டிஸ்கோ எஸ்.எஸ்.டி.யோ கேட்ட தகவலைக் கொடுக்காமல் இழுத்தடிக்கிறது என்று கொள்ளலாம். விளக்கும் மாறவில்லை, அம்பும் நகரவில்லை, பாடிக்கொண்டிருந்த பாட்டு ஓர் எழுத்தில் சிக்கி 'ர்ர்ர்' என்று இழுக்கிறது என்றால், பெரும்பாலும் ரேம், பிராசசர், மதர்போர்டு, மின்வழங்கல் ஆகிய நான்கில் ஒன்றைத் தேட வேண்டும். படம் மட்டும் நின்று ஒலி சீராகத் தொடர்ந்தால் கிராபிக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தித் திரை ஒரு கணம் இருண்டு மீண்டு வந்தால் அந்தச் சந்தேகம் வலுப்படும். உறையாமல் பட்டென்று அணைந்து தானாகத் திரும்பத் தொடங்குவது எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்குள் இருக்கும் மின்வழங்கல் பெட்டி), வீட்டு மின்சாரம் அல்லது சூடு சம்பந்தப்பட்டது. நீலத்திரை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைப் பெயர்களோடு வந்தால் ரேம் மீது சந்தேகம் கூடும். எப்போதும் ஒரே டிரைவரின் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருளின்) பெயரையே காட்டினால் அந்தச் சந்தேகம் குறையும்.

இவற்றை நினைவில் வைத்துக்கொள்ள முயலாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். நேரம், அப்போது ஓடிய வேலை, ஏசி ஓடியதா, சற்று முன் கரண்ட் போய் வந்ததா என்ற நான்கு விவரங்கள் போதும். பத்து முறை எழுதிய பிறகு, கண்ணுக்குத் தெரியாத ஒழுங்கு ஒன்று தாளில் தெரிய வரும்.

விண்டோஸும் தன் பங்குக்கு ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் என்ற பகுதியைத் திறந்து, உறைந்த நேரத்துக்குச் சற்று முன்பும் பின்பும் பதிவானவற்றைப் படியுங்கள். கெர்னல்-பவர் 41 என்ற சிவப்புப் பதிவைக் கண்டதுமே எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிவிடுவோர் பலர். அந்தப் பதிவு, கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்ற விளைவை மட்டுமே சொல்கிறது. உறைந்த கணினியை நாமே பட்டனை அழுத்தி அணைத்தாலும் அது பதிவாகும். டபிள்யூ.எச்.இ.ஏ.-லாகர் என்ற பெயரில் வருபவைதான் மதிப்புள்ளவை, ஏனென்றால் அவை வன்பொருள் தன் பிழையைத் தானே அறிவித்தவை. டிஸ்க் என்ற பெயரோடு 7 என்ற எண் வந்தால் படிக்க முடியாத இடம் ஒன்று வட்டில் இருக்கிறது. 129, 153 ஆகிய எண்கள் வந்தால் வட்டு பதில் சொல்லத் தாமதித்து, கணினி அதை மறுபடி மறுபடி கேட்டிருக்கிறது.

சோதனைக்கு முன் தரவு

ரேம் மீது சந்தேகம் எழுந்த கணினியில், அதே கணினியைக் கொண்டே பேக்கப் எடுக்காதீர்கள். நகலெடுக்கும் ஒவ்வொரு கோப்பும் ரேம் வழியாகத்தான் போகிறது. பழுதான ரேம் போகிற போக்கில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால், நகல் முடிந்ததாகத்தான் திரையில் காட்டும், ஆனால் கோப்பு கெட்டிருக்கும். ஹார்டு டிஸ்கைக் கழற்றி நன்றாக இருக்கும் வேறொரு கணினியில் இணைத்து நகலெடுப்பதே பாதுகாப்பு. இதே காரணத்தால்தான், ரேம் சோதனை முடியாமல் விண்டோஸைப் புதிதாகப் போடுவதும் தவறு. பழுதான ரேம் வழியே நிறுவப்படும் விண்டோஸ் பிறக்கும்போதே ஊனத்தோடு பிறக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் கணினியின் அடிப்படை நிரலில்) செக்யூர் பூட் போன்ற பாதுகாப்பு அமைப்புகளை மாற்றினால், வட்டில் பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினி அடுத்த முறை தொடங்கும்போது மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்த 48 இலக்கச் சாவி கையில் இல்லாவிட்டால் தரவைத் திறக்க முடியாமல் போகலாம். முதலில் அதைத் தேடி எழுதி வைத்துக்கொண்டு பிறகு பயாஸுக்குள் போங்கள்.

ரேம் ஏன் பிழை செய்கிறது

ரேமாகப் பயன்படும் டிராம் வகை நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் (0 அல்லது 1) மிக நுண்ணிய ஒரு கெபாசிட்டரில் மின்னூட்டமாகத் தங்குகிறது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், எல்லா அறைகளையும் 64 மில்லி வினாடிக்குள் ஒரு முறை படித்துத் திரும்ப நிரப்பியாக வேண்டும். 8 ஜிபி ரேமில் சுமார் 6,870 கோடி அறைகள் உள்ளன. அவற்றில் ஓர் அறை மற்றவற்றைவிடச் சற்று வேகமாகக் கசிந்தாலும், அடுத்த நிரப்பல் வருவதற்குள் 1 என்று எழுதியது 0 ஆகிவிடும். சூடு கூடக்கூடக் கசிவும் கூடும் என்பதால்தான், மார்கழியில் ஒழுங்காக ஓடிய கணினி அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்கு நிற்கிறது. அலுவலகங்களில் பெரும்பாலும் இருக்கும் சாதாரண டெஸ்க்டாப்களில் பிழை திருத்தும் வசதியுள்ள ரேம் இருப்பதில்லை. ஆகவே பிழை நேர்ந்தது யாருக்கும் தெரியாது, அது முக்கியமான இடத்தில் விழும்போதுதான் கணினி உறையும்.

இது சிப்புக்குள் நடப்பது. நம் கரையோர ஊர்களில் அதைவிட அதிகமாக நான் காண்பது சிப்புக்கு வெளியே, தொடுமுனைகளில் நடப்பது. கடற்காற்றில் வரும் உப்புத் துகள், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தைத் தானே இழுத்துக் கரைந்து மெல்லிய உப்புநீர்ப் படலமாகிவிடும். தேவனாம்பட்டினத்திலும் முதுநகரிலும் புதுச்சேரிக் கடற்கரை ஓரத்திலும் இரவில் இந்த ஈரப்பதம் மிகச் சாதாரணம். ரேமின் தங்க முலாம் மிக மெல்லியது. அதில் உள்ள நுண்துளைகள் வழியே அந்த நீர் அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் அரிக்கும். அந்த அரிப்பு வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துத் தொடுமுனையை மூடுகிறது.

கழற்றும் முன் சோதியுங்கள்

பெரும்பாலோர் கேபினெட்டைத் திறந்தவுடன் ரேமைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகிவிடுகிறார்கள். கணினி ஓடும். எதனால் ஓடியது என்பது தெரியாது. இரண்டு வாரத்தில் மறுபடி நிற்கும். ஆகவே ரேமைத் தொடாமல், இருக்கிற நிலையிலேயே முதல் சோதனையைச் செய்யுங்கள்.

விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் கருவி விரைவானது. ஸ்டார்ட்டில் அந்தப் பெயரைத் தேடித் தொடங்கி, நீலத்திரை வந்ததும் எஃப்1 விசையை அழுத்தி எக்ஸ்டெண்டட் என்ற விரிவான சோதனையைத் தேர்ந்தெடுங்கள். அது பிழை காட்டினால் நம்பலாம். பிழை இல்லை என்று சொன்னால் அதை மட்டும் வைத்து ரேமை விடுவிக்க முடியாது. அதற்கு மெம்டெஸ்ட்86+ வேண்டும். இது இலவசம், பென் டிரைவில் எழுதி அதிலிருந்து கணினியைத் தொடங்கினால், விண்டோஸ் இல்லாமலேயே ஏறத்தாழ முழு ரேமையும் பல வடிவங்களில் எழுதிப் படித்துப் பார்க்கும். ஒரு சுற்று முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்பது ரேமின் அளவையும் வேகத்தையும் பொறுத்தது. குறைந்தது நான்கு சுற்று ஓட வேண்டும். இரவு கடையைப் பூட்டும்போது தொடங்கிவிட்டுக் காலையில் பார்ப்பதே என் வழக்கம். ஒரு பிழைகூட இருக்கக் கூடாது. 'ஒண்ணு ரெண்டுதானே' என்று விடக்கூடிய எண்ணிக்கை இதில் கிடையாது.

பிழை வந்தால் எண்ணிக்கையைவிட அதன் அமைப்பைக் கவனியுங்கள். எப்போதும் ஒரே சிறு முகவரிப் பகுதியில் (முகவரி என்பது ரேமுக்குள் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்) மட்டும் பிழை வந்தால் சிப்பின் அறைகள் கெட்டிருக்கக் கூடும். முகவரிகள் ஆயிரக்கணக்கில் பரவியிருந்து, தவறுவது மட்டும் ஒவ்வொரு முறையும் அதே ஒரு பிட்டாக இருந்தால், அந்தப் பிட் பயணம் செய்யும் கம்பித்தடத்தில், அதாவது தொடுமுனையிலோ ரேமைச் செருகும் ஸ்லாட்டிலோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற வேகக்கூட்டும் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். டி.டி.ஆர்.4 ரேமின் இயல்பு மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்.எம்.பி.யில் அது பெரும்பாலும் 1.35 வோல்ட்டுக்கு ஏறும். அதை அணைத்துவிட்டுச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். பிழை மறைந்துவிட்டால் ரேம் கெட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை. அந்த வேகத்தை ரேமோ, பிராசசரோ, போர்டோ தாங்கவில்லை என்பது மட்டுமே தெரிகிறது. இயல்பு வேகத்திலேயே ஓட்டுங்கள். அலுவலக வேலையில் அந்த வித்தியாசத்தை யாரும் உணரப் போவதில்லை.

இயல்பு வேகத்திலும் பிழை வந்தால்தான் ரேமில் கை வைக்க வேண்டும். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்தி, மிச்சமுள்ள மின்னூட்டத்தை வடிய விடுங்கள். கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள். இரண்டு ரேம் இருந்தால் பென்சிலால் அ, ஆ என்று குறித்துக்கொண்டு, ஒன்றை மட்டும் முதல் ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். பிறகு அதே ரேமை இரண்டாவது ஸ்லாட்டில். பிறகு மற்றதை அதே வரிசையில். நான்கு சோதனைகள், நான்கு விடைகள். 'அ' எந்த ஸ்லாட்டுக்குப் போனாலும் பிழை வந்தால் 'அ' கெட்டது. எந்த ரேமைச் செருகினாலும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் ரேம்கள் நிரபராதிகள். ஸ்லாட்டையோ அதற்குப் போகும் தடத்தையோ பாருங்கள். தனித்தனியாக எல்லாம் தேறி, சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை வந்தால், வெவ்வேறு நிறுவனங்களின் ரேம்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

தேவனாம்பட்டினம் சாலையில் ஒரு டி.டி.பி. கடை

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் ஒரு சிறு கடை. நடத்தும் அக்கா, "மத்தியானம் ஆனாலே நின்னுடுது தம்பி, ரெண்டு தடவ புது ரேம் மாத்தியாச்சு, பில்லுகூட இருக்கு" என்று சொல்லி இரண்டு பில்களையும் மேசையில் வைத்தார். முகூர்த்த மாதம், பாதி வடிவமைத்த பத்திரிகைகள் உறைந்த திரைக்குப் பின்னால் இருந்தன.

எதையும் தொடாமல் மெம்டெஸ்ட்டை ஓட்டியதும் முதல் சுற்றிலேயே திரை சிவப்பு வரிகளால் நிறைந்தது. முகவரிகள் எங்கெங்கோ இருந்தன. ஆனால் எழுதியதற்கும் படித்ததற்கும் உள்ள வேறுபாடு ஒவ்வொரு வரியிலும் அதே ஒரு பிட். ரேமை அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றியதும் பிழை நின்றது. என்னிடமிருந்த நல்ல ரேமை முதல் ஸ்லாட்டில் வைத்ததும் அதே பிட்டில் பிழை வந்தது. செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அந்த ஸ்லாட்டுக்குள் பார்த்தால், 288 முனைகளில் நடுவெட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றின் மேல் கடுகில் பாதியளவு வெளிர்பச்சைப் பூப்பு. கடற்காற்று நேராக வீசும் ஜன்னலுக்கு அடியில்தான் அந்தக் கேபினெட் இருந்தது.

99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய நைலான் தூரிகையால் அந்த இடத்தை மெதுவாக மூன்று முறை துடைத்து, அரை மணி நேரம் உலரவிட்டு, அவருடைய பழைய ரேமையே திரும்பச் செருகி இரவு முழுவதும் ஓட்டினேன். பிழை இல்லை. கேபினெட்டை ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றி வைத்தோம். இரண்டு புது ரேமுக்கு அவர் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சுத்தம் செய்வது பற்றி ஒரு சொல். பென்சில் அழிக்கும் ரப்பரால் ரேமின் முனைகளைத் தேய்ப்பது எங்கள் தொழிலில் பழகிப்போன வழக்கம். ஓங்கித் தேய்த்தால் அழுக்கோடு தங்க முலாமும் போய்விடும். பிறகு அரிப்பு இன்னும் வேகமாக வரும். முதலில் ஆல்கஹாலும் பஞ்சில்லாத துணியும். அதற்கும் போகாத கறைக்கு மட்டும் வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெல்ல இரண்டு இழுப்பு. ஸ்லாட்டுக்குள் ரப்பர் துகள் விழவே கூடாது.

ரேம் தேறிவிட்டால்

வட்டைச் சோதிப்பது எளிது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் ஸ்மார்ட் விவரங்களை (வட்டு தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவுகளை) திறந்தால், ஹார்டு டிஸ்குக்கு 5, 197, 198 ஆகிய எண்களில் உள்ள மூல மதிப்பு சுழியமாக இருக்க வேண்டும். 197-இல் எண் இருந்தால் படிக்க முடியாமல் தவிக்கும் செக்டார்கள் உள்ளன. அன்றே தரவை எடுத்துவிட்டு வட்டை மாற்றுங்கள். 199 மட்டும் கூடிக்கொண்டே போனால் வட்டைக் குறை சொல்லாமல், அதைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். மேலே 'குட்' என்று நீல நிறத்தில் காட்டுகிறதே என்று நிம்மதி அடைந்துவிடாமல் எண்களைப் படியுங்கள்.

சூட்டைப் பார்க்க எச்.டபிள்யூ.இன்ஃபோ போதும். பல இன்டெல் பிராசசர்கள் 100 டிகிரியைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும். ஆகவே சூடு மட்டுமே காரணமாக இருந்தால், உறைவதற்கு முன் வேகம் குறைவதும் முடிவில் அணைவதும்தான் வழக்கம். நம் பக்கத்துத் தூசி உப்பு ஈரத்தோடு சேர்ந்து, பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே கம்பளி போலப் படிந்துவிடுகிறது. ஃபேனைக் கழற்றிவிட்டுத் தூரிகையால் எடுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் ஊதுவதை நான் ஏற்கவில்லை, அந்தக் காற்றோடு தண்ணீரும் வருகிறது. பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தால் புதிது பூச வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 12 வோல்ட் தடம் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் தடம் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும், சிவப்பு முனையை மஞ்சளிலும் பிறகு சிவப்பிலும் வைத்து, கணினி கடுமையாக உழைக்கும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது பழுதான எஸ்.எம்.பி.எஸ்.ஸும் நல்ல எண்ணையே காட்டும். கண நேர வீழ்ச்சியை மல்டிமீட்டர் காட்டாது என்பதால், நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரண்டு நாள் மாற்றிப் போட்டுப் பார்ப்பதே கடைசி விடை. அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள கெபாசிட்டரில் உயிரை எடுக்கக்கூடிய மின்னழுத்தம் அணைத்த பிறகும் தங்கியிருக்கும். மதர்போர்டில் பிராசசரைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அங்கேயே தேடலை நிறுத்தலாம்.

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் வைத்திருப்போருக்குத் தனியாக ஒன்று. அவற்றில் பல மாடல்கள் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுக் காலப்போக்கில் நிலைகுலைவதை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, திருத்தும் மைக்ரோகோடை (பிராசசருக்குள் ஓடும் சிறு நிரலை) வெளியிட்டு, பெட்டியோடு விற்றவற்றுக்கு உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்தத் திருத்தம் அடங்கிய பயாஸுக்குப் புதுப்பித்தால் மேலும் கெடாது; ஏற்கெனவே கெட்டது திரும்பாது. ரேம் எல்லாச் சோதனையிலும் தேறி, ஜிப் விரிக்கும்போதும் விளையாட்டிலும் மட்டும் தொடர்ந்து பிழை வந்தால் இதையும் எண்ணிப் பாருங்கள்.

சுவருக்குள் இருக்கும் பழுது

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்பார்கள். எர்த் இல்லாத இடத்தில், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியே ஏறத்தாழ 115 வோல்ட், அதாவது 230-இல் பாதி, கேபினெட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது என்றாலும், பிரிண்டர், மானிட்டர் கேபிள்கள் வழியே அது போர்டுக்குள் புகுந்து தொல்லை தரும். கணினி செருகியிருக்கும் பிளக்கிலேயே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஐந்தைத் தாண்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கடலோர மண்ணில் எர்த் குழாய் விரைவில் துருப்பிடித்துவிடுகிறது. மேலே கம்பி நன்றாகத் தெரியும். கீழே குழாய் இருக்காது.

யு.பி.எஸ்.ஸின் 12 வோல்ட் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். கரண்ட் போகும் கணத்தில் கணினி திரும்பத் தொடங்கினால் முதலில் அதைப் பாருங்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் நம் கரையைக் கடந்த பிறகு, நனைந்த கணினிகளை 'ஓடுதா பார்க்கலாம்' என்று போட்டுப் பார்த்துக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். நனைந்ததை முழுக்கப் பிரித்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

லேப்டாப்பில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் இடம் மாற்றும் சோதனைக்கு வழியில்லை. மெம்டெஸ்ட்டின் விடையையே எடுத்துக்கொண்டு, சிப் மாற்றத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

பாகத்தை மாற்றிய பிறகு

புது ரேமையும் சோதிக்காமல் நம்பாதீர்கள். அதே நான்கு சுற்றை அதிலும் ஓட்டுங்கள். தேறிய பிறகு, அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளையைக் கொடுத்தால், பழைய ரேம் கெடுத்து வைத்த விண்டோஸ் கோப்புகள் சரியாகும். உங்கள் சொந்தக் கோப்புகளை அது சரி செய்யாது. பழுது எப்போது தொடங்கியது என்று நோட்டில் பார்த்து, அந்தத் தேதிக்குப் பிறகு சேமித்த கணக்குகளையும் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். டேலியில் கணக்கு எழுதுவோர், அந்தத் தேதிக்கு முந்தைய பேக்கப்பின் இருப்புத் தொகைகளைப் பிந்தையதோடு ஒப்பிட்டுச் சரி பார்த்து முடிக்கும் வரை, முந்தைய பேக்கப்பை அழிக்க வேண்டாம்.